வளர்ந்தவள் ஒருத்தியைக் காட்டச் சொன்னார்கள்

வேப்பூரில் பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

"அஞ்சே நிமிசம், டீ குடிச்சிட்டு வந்துருங்க" என்று கண்டக்டர் எல்லோரிடமும் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் நான் டீக்கு இறங்கவில்லை, கழிவறைக்கு இறங்கினேன். எனக்கு அந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடியாது. முடித்துக்கொண்டு வெளியே வந்தால், பஸ் நின்ற இடத்தில் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கிறது. என் பெட்டியும் தொப்பியும் சென்னையில் வாங்கிய மிக்சர் பொட்டலமும் நான் இல்லாமலே விருத்தாசலம் போய்க்கொண்டிருந்தன.

நான் மலேசியாவில் ஈப்போ நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினாறு வருடமாக அதுதான் தொழில். வண்டியை எடுக்குமுன் கண்ணாடியைப் பார், ஆள் ஏறியாச்சா என்று பார் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பேன். அந்த டிரைவர் என்னிடம் படிக்க வந்திருந்தால் இன்னும் எல் போர்டுதான்.

"இன்னாம்மா, வண்டிய வுட்டுட்டீங்களா?" என்றார் டீக்கடைக்காரர். அவர் குரலில் கவலையே இல்லை. தினமும் ஒருவராவது இப்படி அவரிடம் சிக்குவார்கள் போலிருக்கிறது. "ஒக்காருங்க. நம்ம கொளஞ்சி அங்கதான் போறான்."

கொளஞ்சியின் வண்டியை இந்த ஊரில் குட்டி யானை என்கிறார்கள். சின்ன லோடு வண்டி. பின்னால் மலை போல வைக்கோல். பீங்கான் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது உடையாமல் இருக்க வைக்கோல் வைப்பார்களாம். முன்சீட்டில் ஏறியதும், பழக்க தோஷத்தில் என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடியது.

"மலேசியாவா? எங்க சித்தப்பா மவன் அங்கதாங்க இருக்கான். ஓட்டல்ல மாஸ்டரு. பேரு முருகன். உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிந்த முருகன் பத்துமலை வாசலில் தங்க நிறத்தில் நிற்கிறவர் ஒருவர்தான்" என்றேன்.

கொளஞ்சி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு டிராக்டரை ஓவர்டேக் செய்தார். எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் திட்டுகிறான் என்று பொருள். இங்கே ஹாரன் என்பது வணக்கம், வழி விடு, சௌக்கியமா, நான்தான் வரேன், எல்லாம். அரை மணி நேரத்தில் அந்த மொழி எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியின் மேல் உட்கார்ந்து, என் மிக்சரைத் தின்றுகொண்டிருந்தார் வக்கீல் மேரி புஷ்பம்.

"கண்டக்டர் டைம் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயிருந்தாருங்க. உங்க பெட்டி பத்திரம். மிக்சர்தான் கொஞ்சம் கொறஞ்சிருக்கும்."

இந்த மேரி புஷ்பத்தை எனக்கு மூன்று நாளாகத்தான் தெரியும். சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. குழந்தைகளின் அந்தரங்க உறுப்பில், அவர்களே வளர்ந்து விவரம் புரிந்து சம்மதிக்கும்வரை, அவசியமில்லாத அறுவை எதையும் செய்யாதீர்கள் என்று சொல்லி வேலை செய்கிறவர்கள் கூடியிருந்தோம். டாக்டர்கள், வக்கீல்கள், தாய்மார்கள், அப்புறம் என்னைப் போன்றவர்கள். அதாவது, பிறந்தபோது ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத உடம்போடு பிறந்தவர்கள். ஊடுபால் என்று தமிழில் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். நோயின் பெயர் போல இல்லாமல் ஆற்றின் பெயர் போல இருக்கிறது.

சாப்பாட்டு வரிசையில் மேரி புஷ்பம் தட்டோடு என் பின்னால் வந்து நின்றார். விருத்தாசலத்தில் சுகன்யா என்று ஒரு பெண். குழந்தைக்கு நான்கு மாதம். வெளியூர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், வருகிற செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆபரேஷன் செய்து பெண்ணாக்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நான் சட்டம் எல்லாம் சொன்னேங்க. அந்தப் பொண்ணு தலையத் தலைய ஆட்டிச்சு. கடைசியா, 'மேடம், இப்படிப் பொறந்து வளந்து பெரிய ஆளானவங்க யாராச்சும் இருக்காங்களா? ஒருத்தரக் காட்டுங்க'ன்னு கேட்டுச்சு. விருத்தாசலத்துல நான் யாரக் காட்டுறது? நீங்க வர்றீங்களா?"

அப்படித்தான் நான் சாம்பிளாகப் புறப்பட்டேன். இருப்பதிலேயே நல்ல சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டேன். வைக்கோல் வண்டியில் வந்ததில் அது என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் சுகன்யா வீட்டுக்குப் போனோம். பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பேட்டைக்குப் பின்னால் வீடு. வழியெல்லாம் முற்றங்களில் வெள்ளைச் சாமான்கள் காய்கின்றன. வர்ணம் பூசாத நாய்க்குட்டிகள், பிள்ளையார்கள், அகல்கள். ஓரிடத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டைகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தன. மின்சாரப் பெட்டியில் செருகும் ஃபியூஸ் கட்டைகள். எங்கள் பழைய வீட்டில் கரண்ட் போனால் அப்பா பிடுங்கிப் பார்ப்பது இதைத்தான்! ஏதோ சொந்தக்காரர்களைக் கண்டது போல நின்றுவிட்டேன்.

சுகன்யாவின் கணவன் அறிவழகன் அங்கேதான் மோல்டில் கலவை ஊற்றும் வேலை செய்கிறான். முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. "வாங்க அக்கா" என்றவன் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசும் பொறுப்பு அவனுடைய அக்கா அஞ்சலையிடம் இருந்தது. பெற்றோர் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர். பக்கத்து அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். ஐம்பது வயதிருக்கும். நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கும் குரல்.

சுகன்யா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வெட்கமில்லாமல், தலை முதல் கால் வரை, ஒரு பெரிய கேள்விக்கு விடை தேடுவது போல. நான் அசையாமல் உட்கார்ந்து கொடுத்தேன். அதற்காகத்தானே வந்தேன்.

அஞ்சலையக்கா குழந்தையின் இடுப்புத் துணியில் கை வைத்தார். "நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க..."

"வேண்டாங்க்கா" என்றேன் அவசரமாக. "நான் பார்க்கத் தேவையில்லை. அது குழந்தையோட சொந்த சமாச்சாரம்."

அக்காவின் கை அப்படியே நின்றது. அதுவரை நர்சு, டாக்டர், பக்கத்துக் கட்டில்காரி, அவள் தங்கை என்று எத்தனையோ பேர் அந்தத் துணியை விலக்கிப் பார்த்திருந்தார்கள். வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நான்தானாம். சுகன்யா பிறகு சொன்னாள்.

அடுத்து கேள்விகள். அஞ்சலையக்காவுக்கு நாசூக்கு எல்லாம் தெரியாது. எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

"கட்டிக்கிட்டவருக்கு இந்த விசயம் தெரியுமா?"

"பெண் பார்க்க வந்த அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். பிள்ளை பிறக்காதுன்னும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'எனக்கும் ஒரு விஷயம் சொல்லணும். கார் டெஸ்ட்டில் மூணு தடவை ஃபெயில்' என்றார்."

மேரி புஷ்பம் சிரித்ததில் குழந்தை திடுக்கிட்டு விழித்தது. சுகன்யாவும் சிரித்தாள். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். அப்போது அஞ்சலையக்கா கேட்டார்: "உங்களுக்கு சின்னதுல ஆபரேசன் பண்ணாங்களா?"

பொய் சொல்ல முடியுமா? "பண்ணினாங்க" என்றேன்.

அவர் தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. "பாத்தியாடா? காலாகாலத்துல பண்ணிட்டாங்க. இவங்க பொம்பளையா லட்சணமா, கல்யாணம் கட்டி, காரு ஓட்டிக்கினு இருக்காங்க. நம்ம புள்ளைக்கும் பண்ணிட்டா இவங்க மாதிரி ஆயிடும். செவ்வாக்கிழமை போயிடுவோம்."

மேரி புஷ்பம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. வெட்டாதீர்கள் என்று சொல்ல வந்தவள், வெட்டலாம் என்பதற்குச் சாட்சியாகிவிட்டேன். சுகன்யா குனிந்து குழந்தையின் கால் விரல்களை எண்ணுவது போல் தடவிக்கொண்டிருந்தாள்.

பரோட்டாக் கடையில் நானும் வக்கீலும் எதிரெதிரே உட்கார்ந்து சால்னாவை வெறித்தோம். பக்கத்து மேஜையில் வடக்கத்தி இளைஞர்கள் இருவர், பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறவர்களாக இருக்கும், போனில் அம்மாவோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். சீரியல் பார்த்துக் கற்ற இந்தியில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: "இங்கே எல்லோரும் நல்லவர்கள் அம்மா. காரம் மட்டும்தான் எதிரி." அதைக் கேட்டதும் எனக்குப் பசி வந்துவிட்டது. பரோட்டா எங்கள் ஊர் ரொட்டி சானாயை விடக் கொஞ்சம் முரடு. சால்னாவுக்கு ஈடு அங்கே கிடையாது. இரண்டு தின்பதாக இருந்து நான்கு தின்றேன்.

"நான் மிச்சத்தையும் சொல்லியிருக்கணும்" என்றேன் மேரி புஷ்பத்திடம்.

"சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டங்க. அத யாரும் உங்ககிட்டேருந்து புடுங்கக் கூடாது. அதுக்குத்தானே நாம இந்த வேலையே பாக்குறோம்" என்றார் அவர், வாயில் பரோட்டாவோடு.

மறுநாள் காலை இட்லி, வடை முடித்து, சுகன்யாவையும் குழந்தையையும் அஞ்சலையக்காவையும் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேரி புஷ்பம் போன வாரமே குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்க வைத்திருந்தார், அன்றைக்கு முடிவு வரும் நாள். "கத்தி வேண்டாம்னுதான் சொல்றோம், டாக்டர் வேண்டாம்னு சொல்லல" என்பது அவருடைய பாட்டு. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு உடம்பில் உப்புச்சத்து குறைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அதை முதலில் பார்த்தாக வேண்டும், அதற்கு மருந்து இருக்கிறது.

போவதற்கு ஷேர் ஆட்டோ. ஏழு பேர் ஏறினோம். எட்டாவதாக ஒருவர் டிரைவரின் பாதி சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் மீதிப் பாதியில் தொங்கிக்கொண்டு ஓட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பயப்படாதீங்க, எங்க ஸ்கூலு புள்ளைங்க பன்னெண்டு பேரு இதுல வருதுங்க" என்று அஞ்சலையக்கா ஆறுதல் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

குழந்தை டாக்டர் இளைஞர். காகிதங்களைப் பார்த்தார், எடை பார்த்தார், குழந்தையின் மூக்கைத் தொட்டு விளையாட்டுக் காட்டினார். பரிசோதிக்க வேண்டியதைத் தானும் சுகன்யாவும் மட்டும் திரைக்குள் போய்ப் பரிசோதித்தார்.

"டெஸ்ட் எல்லாம் சரியா இருக்கு. பால் குடிக்குது, வெயிட் ஏறுது, மூத்திரம் தாராளமா போவுது. இதுல வெட்டுறதுக்கு என்னங்க இருக்கு?"

"பொண்ணா ஆணான்னு...." என்று இழுத்தார் அஞ்சலையக்கா.

"அது வளந்து சொல்லும்மா. இப்போதைக்கு ஏதாவது ஒண்ணா வளங்க, தப்பில்ல. பின்னாடி மாத்தணும்னா அதுக்கும் வழி இருக்கு. வெட்டினதைத்தான் திருப்பி ஒட்ட முடியாது. உயிருக்கு ஆபத்துன்னா தவிர குழந்தைங்களுக்கு இந்த ஆபரேஷன் பண்ணக் கூடாதுன்னு தமிழ்நாடு அரசாங்கமே ஆர்டர் போட்டிருக்குது, தெரியுமா?"

மேரி புஷ்பம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். டாக்டர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தடை இருப்பது தெரிந்தே, சீட்டில் வேறு ஏதோ வியாதியின் பெயரை எழுதியிருந்தார்கள்.

நான் அறிந்தவரை எங்கள் நாட்டில் அப்படி ஓர் அரசாணை கிடையாது. சாலை, மின்சாரம், குப்பைத்தொட்டி என்று வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஈப்போவோடு ஒப்பிட்டு மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மத்தியானம் சுகன்யா வீட்டில் சாப்பாடு. பச்சை முந்திரிப் பருப்பு போட்ட குழம்பு. இந்தப் பக்கம் முந்திரிக் காடு. பருவத்தில் காயை உடைத்து ஈரப் பருப்பாகவே சமைக்கிறார்கள். வறுத்த முந்திரியை மட்டுமே தின்று வளர்ந்த எனக்கு, அது வேறு ஏதோ உயிர். வெண்ணெய்க்கும் பலாக்கொட்டைக்கும் பிறந்தது போல. மூன்று தடவை சோறு வாங்கினேன். அஞ்சலையக்கா அதற்குப் பிறகுதான் என்னை மனுஷியாகவே ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கை கழுவி வந்து, நான் ஆரம்பித்தேன். "அக்கா, நேற்று நீங்க பாதிதான் கேட்டீங்க. மீதியையும் கேட்கிறீங்களா?"

அறிவழகன் வேலைக்குக் கிளம்பியவன் வாசலில் நின்றுவிட்டான்.

"வேப்பூரில் பஸ்ஸை ஏன் விட்டேன் தெரியுமா? எனக்கு ஒண்ணுக்குப் போக எல்லோரையும் போல முடியாது. நேரம் எடுக்கும். சில நாள் எரியும். பிறந்தபோது அந்தத் தொந்தரவு இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகுதான் வந்தது. ஒரு தடவையோடு முடியலை. ஒண்ணு சரியில்லைன்னு இன்னொண்ணு. பன்னிரண்டு வயசுக்குள்ளே நாலு தடவை. என் பள்ளிக்கூட லீவு எல்லாம் ஆஸ்பத்திரியில்தான். ஒவ்வொரு தடவையும் டாக்டருக்குப் படிக்கிற பசங்க கூட்டமா வந்து நின்னு பார்ப்பாங்க. நான் கூரையில் சுத்துற ஃபேனையே பார்த்துட்டு இருப்பேன்."

சுகன்யா குழந்தையின் இடுப்புத் துணியைச் சரிசெய்து மூடினாள்.

"குடலிறக்கம்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. இருபத்தாறு வயசில் வேறு ஏதோ விஷயமா பழைய ஃபைலை வாங்கிப் பார்த்தேன். அப்போதான் தெரிஞ்சது. என் அம்மா கெட்டவங்க இல்லைக்கா. பயந்தவங்க. டாக்டர் சொல்லக் கூடாதுன்னார், சொல்லலை. நான் இன்னிக்கு நல்லா இருக்கேன், உண்மைதான். ஆனா அந்த ஆபரேஷனால் இல்லை. அது முடிஞ்ச பிறகும் எப்படியோ தேறி வந்தேன். உடம்பில் சில இடத்தில் உணர்ச்சியே கிடையாது. அதை யாரும் என்கிட்ட கேட்டு எடுக்கலை."

அஞ்சலையக்கா சின்னக் குரலில், "வலிச்சுதா?" என்றார்.

"வலிச்சுதுக்கா."

அவர் எழுந்தார். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "கோயிலுக்குப் போவலாம், வாங்க" என்றார். கோயிலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே ஒரு முருகன் கோயில். அறிவழகனும் வேலைக்குப் போகாமல் கூடவே வந்தான். அந்த முருகனிடம் பிராது கொடுப்பார்கள். வாய் வேண்டுதல் செல்லாது. வெள்ளைத்தாளில் முறைப்படி பெயர், ஊர், குறை எல்லாம் எழுதி, கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்து முடிப்பாராம். தாள் சுருள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்து மேரி புஷ்பம் வாயைப் பிளந்து நின்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "தொண்ணூறு நாள்ல தீர்ப்பா? எங்க கோர்ட்டுல கேஸ ஏத்துக்கிட்டு நம்பர் போடுறதுக்கே அவ்ளோ நாளாவும்" என்றார்.

அஞ்சலையக்கா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். "நான் இங்க ஒண்ணு கட்டியிருக்கன். ஆபரேசன் நல்லபடியா முடியணும்னு. அத இப்ப இன்னா பண்றது?"

அப்போது சுகன்யா, குழந்தையைத் தோளில் சாய்த்தபடி, மூச்சு விடாமல் சொன்னாள்: "அண்ணி, நானும் ஒண்ணு கட்டியிருக்கன். போன வாரம். ஆபரேசன் நடக்கக் கூடாதுன்னு."

மேரி புஷ்பத்துக்குத் தாங்கவில்லை. "ரெண்டு கட்சிக்காரங்களும் ஒரே ஜட்ஜுகிட்டயா கேஸு போட்டிருக்கீங்க? பாவம்ங்க அவரு!"

அக்கா சிரிக்கவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றார்.

"எல்லாத்தையும் நீங்கதான அண்ணி பாக்குறீங்க. உங்ககிட்ட எப்படி வேணாம்னு சொல்றது?" சுகன்யா குழந்தையைத் தோளில் இறுக்கிக்கொண்டாள். "என் புள்ளைக்கு ஒண்ணும் நோவு இல்ல அண்ணி. அது சிரிக்குது, கையக் கால ஆட்டுது. அதப் போயி கத்தியில குடுக்க எனக்கு மனசு வரல."

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். வாங்கின வேகத்தைப் பார்த்துக் கோபம் என்றுதான் பயந்தேன். இல்லை. குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவர் பயந்தது எதற்கு என்று அப்போதுதான் சொன்னார்.

"நான் தெனம் ஸ்கூலப் பாக்குறன். ஒரு புள்ள கொஞ்சம் வேற மாதிரி இருந்தா போதும், மத்ததுங்க சும்மா வுடாது. எங்க ஸ்கூலு பாத்ரூம் கதவுல தாப்பா கெடையாது. ஒண்ணு உள்ள போனா இன்னொண்ணு கதவத் தள்ளிப் பாக்கும். நாளைக்கு இது அங்கதான் படிக்கும். இதப் பாத்துட்டா? பாத்துட்டு ஊரெல்லாம் சொன்னா? அந்த ஒண்ணுக்காவத்தான் சீக்கிரம் சரி பண்ணிடலாம்னு ஓடுனன்."

அறிவழகன், இரண்டு நாளாக வாயே திறக்காதவன், தொண்டையைச் செருமினான். "அக்கா, கதவுக்குத் தாப்பா போட்டா?"

நாங்கள் எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

"அதாங்க்கா. புள்ளைய வெட்டுறதுக்குப் பதிலு, கதவுக்கு ஒரு தாப்பா."

மூன்றாம் நாள் காலை எனக்கு வாய்த்த சுற்றுலா பள்ளிக்கூடக் கழிவறைதான். கோயில் கோபுரத்தையும் மணிமுத்தாற்றையும் பார்க்காமல் போகிறாயே என்று ஈப்போவில் கேட்பார்கள். கேட்கட்டும். மேரி புஷ்பம் முதலில் மனு எழுதலாம் என்றார். "மனு எழுதி எப்ப வர்றது, ஆத்தாடி" என்று அஞ்சலையக்கா நேராகத் தலைமையாசிரியையிடம் போய்ப் பேசினார். டீச்சர் சங்கடத்தோடு சிரித்து, தாராளமாகப் போடுங்கள் என்றார். அறிவழகன் கம்பெனியிலிருந்து டிரில்லிங் மிஷின் கொண்டு வந்தான். கடைத்தெருவில் தாழ்ப்பாள் தேர்ந்தெடுத்தது நான். சின்னப் பிள்ளைகள் விரலுக்கு எட்டும்படி, தள்ளுவதற்கு இலகுவாக இருக்க வேண்டும் என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணினேன்.

நான்கு கதவு, நான்கு தாழ்ப்பாள். மூன்றாவது கதவு சாய்ந்திருந்ததால் திருகு ஏறவில்லை. நானும் அறிவழகனும் கதவைத் தூக்கிப் பிடிக்க, கருப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து வக்கீலம்மா திருகினார். முடிந்ததும் மூன்றாம் வகுப்புப் பெண்கள் ஒரு கும்பலாக வந்து, ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் தாழ் போட்டு, வெளியே இருக்கிறவளைத் தள்ளச் சொன்னார்கள். கதவு அசையவில்லை. "தள்ளு! இன்னும் நல்லா தள்ளு!" என்று உள்ளேயிருந்து ஒரே கூச்சல். ஒருத்தி வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டாள். அஞ்சலையக்கா கரண்டியோடு வந்து மிரட்டியபோதுதான் வந்தாள். மத்தியானம் அந்தப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டேன். எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, அஞ்சலையக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்த ஆஸ்பத்திரி நம்பரப் போட்டுக் குடுடா" என்று தம்பியிடம் கேட்டார்.

"நான் பேசட்டுமா? சட்டத்த எடுத்துச் சொல்றேன்" என்றார் மேரி புஷ்பம்.

"நீங்க அப்பறமா உங்க சட்டத்துல பேசிக்குங்க. தேதி வாங்குனது நானு. நான்தான் பேசணும்."

அறிவழகன் ஸ்பீக்கரில் போட்டான். சுகன்யா குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக, பெயர் கேட்டது, ஊர் கேட்டது.

"செவ்வாக்கிழமை வர்றதா சொல்லியிருந்தோம்மா. வரல."

"ஓகே மேடம். என்ன காரணம்னு போடட்டும்?"

அஞ்சலையக்கா குழந்தையைப் பார்த்தார். அது தன் முழு முஷ்டியையும் வாய்க்குள் திணிக்க முயன்றுகொண்டிருந்தது. "புள்ள நல்லா இருக்குது. அதான் காரணம். அப்படியே எழுதிக்க."

"சரிங்க மேடம். அப்போ வேற எந்தத் தேதிக்கு மாத்தி வைக்கட்டும்?"

அக்கா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"அது வளந்து பெருசாவட்டும்மா" என்றார். "வேணும்னா அதுவே உனக்குப் போன் பண்ணும்."